ஆண்டு நாளுக்கு மூன்றடுக்கு கேரமல் கேக்: அமெரிக்கத் தென் மாநில வீட்டு முறை, படிப்படியாக

அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா பக்கத்து வீடுகளில் திருமண நாளோ பிறந்த நாளோ தேவாலய ஆண்டு விழாவோ, பெரிய மேசையின் நடுவில் வைக்கும் கேக்குகளில் கேரமல் கேக்குக்கு நிலையான இடம் உண்டு. மஞ்சள் நிற வெண்ணெய் கேக் மூன்று அடுக்கு. இடையிலும் மேலும் சுற்றிலும் காய்ச்சி அடித்த கேரமல் ஐசிங். கேக் பாகம் கொஞ்சம் கவனமாக இருந்தால் எவருக்கும் வந்துவிடும். கை தடுமாறுவது ஐசிங்கில்தான்.

அந்தத் தடுமாற்றமும் பெரும்பாலும் வேலைகளின் வரிசை பிசகுவதால் வருவது. ஐசிங் தயாரான பிறகு பத்து நிமிடம்கூடப் பொறுக்காது, சட்டியிலேயே இறுகிவிடும். அது தயாராகும்போது கேக் ஆறி, அடுக்கத் தயாராக, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் நாளைக் கணக்கிடுங்கள்

வேலையை இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் மாலை கேக் அடுக்குகளைச் சுட்டு, ஆறவைத்து, சுற்றி வைக்க வேண்டும். விழா நாள் காலையில் ஐசிங். கேக்கை வெட்டுவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே பூசி முடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மேலே மெல்லிய ஓடு கட்டி உள்ளே மெத்தென்று ஆகும். அவசரப்பட்டு வெட்டினால் கத்தியோடு ஐசிங் இழுபடும்.

மழை நாளாக இருந்தால் இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரக் காற்றில் ஐசிங் பிசுபிசுவென்றே நிற்கும். தென் மாநிலப் பாட்டிமார்கள் அடைமழையில் மிட்டாய் வேலையைத் தொடமாட்டார்கள். தவிர்க்கவே முடியாது என்றால் காய்ச்சும் வெப்பத்தை ஒரு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

2. பொருளும் பாத்திரமும்

கேக்குக்கு: உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 400 கிராம், கேக் மாவு 340 கிராம், ஓடு நீக்கிய முட்டை 200 கிராம், பால் 240 மில்லி, பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெனிலா 2 தேக்கரண்டி.

ஐசிங்குக்கு: சர்க்கரை 600 கிராம் (100, 500 என்று இப்போதே பிரித்து வையுங்கள்), எவாப்பரேட்டட் மில்க் (இனிப்பு சேர்க்காமல் சுண்ட வைத்த டின் பால்) 350 மில்லி, வெண்ணெய் 170 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, வெனிலா 2 தேக்கரண்டி.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. தென் மாநிலங்களில் மென் கோதுமையில் அரைத்த, புரதம் குறைந்த மாவில்தான் கேக் செய்வார்கள். நம் மைதாவில் புரதம் அதைவிடக் கூடுதல். 290 கிராம் மைதாவுடன் 50 கிராம் கார்ன் ஃப்ளோர் கலந்து மூன்று முறை சலித்தால் ஏறக்குறைய அந்த மென்மை வரும். அமெரிக்காவில் வாங்குபவர்கள் பையில் செல்ஃப் ரைசிங் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதன் மேல் நாமும் போட்டால் கேக் வேகமாகப் பொங்கி நடுவில் அமுங்கும், வாயில் கசப்பும் தட்டும்.

எவாப்பரேட்டட் மில்க் கிடைக்காவிட்டால் 800 மில்லி முழுக் கொழுப்புப் பாலை அடி பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி 350 மில்லியாகச் சுண்ட வைத்து, ஏடு வடிகட்டிப் பயன்படுத்தலாம். மில்க்மெய்டு போன்ற இனிப்பு சேர்த்த பால் இதற்கு ஆகாது. அதில் இருக்கும் சர்க்கரை கணக்கையே மாற்றிவிடும்.

முட்டையை எண்ணிக்கையாகப் பார்க்காமல் நிறுத்துப் பாருங்கள். அமெரிக்கப் பெரிய முட்டை நான்கு போட்டால் 200 கிராம் வரும். சிறிய முட்டையானால் ஐந்து தேவைப்படலாம்.

பாத்திரங்கள்: 20 சென்டிமீட்டர் (8 அங்குலம்) வட்டத் தட்டு மூன்று, மின்னணுத் தராசு, சர்க்கரைப் பாகு அளக்கும் வெப்பமானி, 4 முதல் 5 லிட்டர் கொள்ளும் அடி கனத்த பாத்திரம், சிறிய கனத்த சட்டி ஒன்று, அடி தட்டையான மரக்கரண்டி, பூசுவதற்கு நீளமான வளைகத்தி. ஐசிங் பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கருக்கிய சர்க்கரை சேரும் நொடியில் பால் மூன்று மடங்கு பொங்கும்.

3. கேக் மாவு கலக்குதல்

இந்தக் கலவைக்கு அங்கே ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு கேக் என்று பேர். வெண்ணெய் ஒரு கப், சர்க்கரை இரண்டு, மாவு மூன்று, முட்டை நான்கு. மேலே கொடுத்த கிராம் கணக்கு அதுவேதான்.

வெண்ணெயின் பதம் முதலில். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுமினுக்கக் கூடாது. அது 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெயிலில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பதினைந்து, இருபது நிமிடத்திலேயே அந்த நிலை வந்துவிடும். காலையிலேயே வெளியே எடுத்து வைத்தால் உருகிப்போகும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. கேக் கனமாக, பிசினாக வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் கை மிக்சரில் (அரைக்கும் மிக்சி அல்ல) 5 முதல் 6 நிமிடம் அடியுங்கள். நிறம் வெளுத்து, பஞ்சுபோல ஆக வேண்டும். சர்க்கரை மணி வெண்ணெயைக் கீறிக்கொண்டு ஓடும்போது உண்டாகும் சிறு காற்றறைகளில்தான் கேக் எழும்புகிறது. மாவாக அரைத்த சர்க்கரைக்கு அந்தக் கூர்மை இல்லை. நம் ஊர்ச் சர்க்கரை மணி பெரிதாக இருந்தால் மிக்சியில் இரண்டு சுற்று மட்டும் விட்டு ரவை பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று முழுதாகக் கலந்த பிறகே அடுத்ததைச் சேருங்கள். குளிர்ந்த முட்டை வெண்ணெயை இறுக்கித் திரித்துவிடும், ஆகவே முட்டை அறை வெப்பத்தில் இருக்கட்டும்.

மாவு, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் ஒன்றாகச் சலித்து மூன்று பங்காக்குங்கள். பாலை வெனிலாவோடு கலந்து இரண்டு பங்கு. மாவில் தொடங்கி, பால், மாவு, பால் என்று போய் மாவில் முடியுங்கள். பாலை மொத்தமாக ஊற்றினால் கலவை தண்ணீரும் கொழுப்புமாகப் பிரியும். கடைசி மாவு மறைந்ததும் மிக்சரை நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் கேக்கின் உள்ளே எறும்புப் புற்று மாதிரி நீளத் துளைகள் விழும்.

4. சுடுதல்

அடுப்பை 175 டிகிரிக்குச் சூடாக்குங்கள், விசிறி உள்ள அடுப்பானால் 160. தட்டுகளின் அடியில் பட்டர் பேப்பர் வட்டமாக வெட்டிப் போட்டு, ஓரத்தில் வெண்ணெய் தடவி மாவு தூவுங்கள். கேக் கலவையைத் தராசில் நிறுத்தே பங்கிடுங்கள், ஒரு தட்டுக்கு ஏறக்குறைய 460 கிராம் வரும். கண் மதிப்பில் ஊற்றினால் ஓர் அடுக்கு மெலிந்து காய்ந்துபோகும், இன்னொன்று வேகாமல் நிற்கும்.

25 முதல் 28 நிமிடம். ஓரம் தட்டை விட்டு நூலளவு விலகி, நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வந்தால் எடுத்துவிடுங்கள். சிறிய ஓடிஜி மின்னடுப்பில் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் நுழையும் என்றால் காத்திருக்கும் தட்டுகளைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

5. ஆறவைத்துச் சமன்படுத்துதல்

பத்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பி வலையில் கவிழ்த்து முழுதாக ஆறவிடுங்கள். கூம்பி நிற்கும் மேற்பகுதியை நீளக் கத்தியால் சீவிச் சமமாக்குங்கள். மூன்றில் ஒன்று கூம்பியிருந்தாலும் மேலே அடுக்குவது சாய்ந்து, ஐசிங் எடை ஏறியதும் சறுக்கும்.

பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரவு முழுக்க வெளியிலேயே வையுங்கள், குளிர்பெட்டி வேண்டாம். சில்லென்ற கேக்கின் மேல் சூடான ஐசிங் பட்டால் தொட்ட இடத்திலேயே இறுகி, பரப்பும்போது விரிசல் விடும்.

6. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 100 காட்டினால் உங்கள் இலக்கு 114 டிகிரி (ஃபாரன்ஹீட்டில் 237). 98 காட்டினால் இலக்கு 112. எது காட்டினாலும் அதனோடு 14 கூட்டிக்கொள்ளுங்கள். வெப்பமானியின் பிழையும் ஊரின் உயரமும் இந்த ஒரே கணக்கில் சரியாகிவிடும். வட கரோலினாவின் ஆஷ்வில் போன்ற மலை ஊர்களிலும், நம் ஊட்டி, கொடைக்கானலிலும் தண்ணீர் 100-க்குக் கீழேயே கொதிக்கும். இந்தச் சோதனையை விட்டுவிட்டு 114 வரை காய்ச்சினால் அங்கே ஐசிங் கல்லாகும்.

முதல் அடுக்கைப் பரிமாறும் தட்டில் வைத்து, விளிம்புக்கடியில் பட்டர் பேப்பர் துண்டுகளைச் செருகுங்கள். மற்ற இரண்டு அடுக்குகள், மூன்று மூங்கில் குச்சிகள், வளைகத்தி, கொதிநீர்க் கிண்ணம், கால் கப் சூடான பால் எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு தேட நேரம் கிடைக்காது. பாகின் சூடு கொதிநீரைவிடக் கூடுதல், தோலில் ஒட்டினால் விடாது. குழந்தைகள் சமையலறைக்கு வெளியே இருக்கட்டும்.

7. சர்க்கரையைக் கருக்குதல்

பெரிய பாத்திரத்தில் 500 கிராம் சர்க்கரை, எவாப்பரேட்டட் மில்க், வெண்ணெய், உப்பு நான்கையும் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். சர்க்கரை முழுதும் கரைந்து ஆவி பறக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. கரண்டியில் சிறிது எடுத்து ஆறவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். நெறுநெறுப்பு இருந்தால் இன்னும் கரையவில்லை.

பக்கத்து அடுப்பில் சிறிய சட்டியில் மீதி 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் சேர்க்காமல் நடுத்தரத் தீயில் வையுங்கள். முதலில் கரண்டி போடாதீர்கள், சட்டியைச் சுழற்றினால் போதும். ஓரத்தில் ஈரம் தெரியும், பிறகு தேன் நிறம், பிறகு செம்பழுப்பு. இரும்புச் சட்டியின் கறுப்பில் நிறம் தெரியாது. அதனால் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். பழைய செப்புக் காசின் நிறம் வந்து, முதல் இழை புகை கிளம்பும் நொடி சரியான நொடி. தேன் நிறத்திலேயே நிறுத்தினால் ஐசிங் வெறும் இனிப்பாக இருக்கும். புகை அடர்ந்த பிறகு எடுத்தால் கசக்கும். கசந்துபோனதை எதுவும் மாற்றாது, ஆகவே கொட்டிவிட்டு இன்னொரு 100 கிராம் எடுங்கள்.

கருக்கியதைச் சூடான பால் கலவையில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். சீறிப் பொங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சில கட்டிகள் விழுந்தால் பயம் வேண்டாம், சிறு தீயில் கிளறக் கிளறக் கரைந்துவிடும். பால் குளிர்ந்திருந்தால் மட்டும் மொத்தமும் ஒரே கண்ணாடிக் கட்டியாகக் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும்.

8. பதம் வரும்வரை காய்ச்சுதல்

கட்டிகள் கரைந்த பிறகு தீயை நடுத்தரமாக்கிக் கொதிக்க விடுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சர்க்கரை மணிகள் ஒட்டியிருந்தால் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்து இறக்குங்கள். அந்த ஒரு மணி பாகில் விழுந்தாலும் அதைச் சுற்றி மற்றவை கூடி, ஐசிங் முழுக்க மணல் மணலாகும். முதல் முறை செய்பவர்கள் ஒரு மேசைக்கரண்டி லிக்விட் குளுக்கோஸ் சேர்ப்பது நல்லது. அது மணிகள் கூடுவதைத் தடுக்கும், ருசியும் மாறாது.

மரக்கரண்டியின் தட்டை விளிம்பு அடியைத் தொட்டுப் போகும்படி விடாமல் கிளறுங்கள். இது பால் சேர்ந்த பாகு, ஒரு நிமிடம் விட்டாலும் அடி பிடிக்கும். வெப்பமானி 104, 105-ல் வெகு நேரம் நகராமல் நிற்கும். பலர் பொறுமையிழந்து தீயைக் கூட்டுவது இங்கேதான். அப்போது தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது, வற்றாமல் வெப்பம் ஏறாது. 110 தாண்டினால் விறுவிறுவென்று ஏறும். மொத்தம் 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு நம் வீட்டு வழியே போதும். அதிரசத்துக்கு வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பீர்களே, அதே பதம். கிண்ணத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் நிற்க வேண்டும். விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். வெளியே எடுத்ததும் உருண்டை விரலில் தளர்ந்து தட்டையாக வேண்டும். தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வரும் கடலை உருண்டைப் பதம் வரை போனால் பூசவே முடியாது. ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வையுங்கள். நீங்கள் உருட்டிப் பார்க்கும் அரை நிமிடத்தில் பாகு இரண்டு டிகிரி ஏறிவிடும்.

9. ஆறவிட்டு அடித்தல்

உங்கள் இலக்கு வெப்பத்தைத் தொட்டதும் இறக்கி, வெனிலாவை மேலே ஊற்றி, அப்படியே விட்டுவிடுங்கள். கிளறாதீர்கள், ஓரத்தைச் சுரண்டாதீர்கள், பாத்திரத்தை ஆட்டாதீர்கள். சூடாக இருக்கும்போது அசைத்தால் பெரிய பெரிய சர்க்கரை மணிகள் உருவாகும். ஆறிய பிறகு அடித்தால் நாக்குக்கே தெரியாத நுண் மணிகள் உருவாகும். ஐசிங்கின் வழுவழுப்பு இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. ஏறக்குறைய 60 டிகிரிக்கு இறங்க அரை மணி நேரம் ஆகும்.

பிறகு மரக்கரண்டியால் 8 முதல் 12 நிமிடம், கை மிக்சரானால் குறைந்த வேகத்தில் 4 முதல் 6 நிமிடம் அடியுங்கள். ஆரம்பத்தில் தேன் மாதிரி பளபளவென்று கரும்பழுப்பாக ஓடும். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து வெளுக்கத் தொடங்கும், பால் கூடுதலாக ஊற்றிய காபி நிறத்துக்கு வரும். கரண்டியின் சத்தமும் மாறும், சளசளப்பு போய் மந்தமாகக் கேட்கும். கரண்டியைத் தூக்கினால் கெட்டி இட்லி மாவு போல விழுந்து, விழுந்த தடம் மூன்று நொடி நிற்க வேண்டும். பளபளப்பு மங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். முழுதும் மங்கும்வரை அடித்தால் சட்டியிலேயே பர்ஃபியாகிவிடும்.

10. பூசுதல்

உடனே தொடங்குங்கள். பெரிய கரண்டியால் 200 கிராம் அளவு முதல் அடுக்கின் நடுவில் ஊற்றி, வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் கேக் துகள் பெயர்ந்து வரும். இரண்டாம் அடுக்கு, மறுபடி அதே அளவு, மூன்றாம் அடுக்கு. மேலிருந்து அடிவரை மூன்று மூங்கில் குச்சிகளைக் குத்துங்கள். ஐசிங் இளகியிருக்கும்போது அடுக்குகள் நழுவாமல் அவை பிடித்துக்கொள்ளும். மேற்பக்கம் பூசும் முன் குச்சிகளை உருவிவிடுங்கள்.

மீதியை மேலே மொத்தமாக ஊற்றி, வழிவதை வளைகத்தியால் சுற்றிலும் தடவுங்கள். கத்தி ஒட்டினால் கொதிநீரில் முக்கித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். மொத்தம் 5 முதல் 8 நிமிடம் கிடைக்கும். ஐசிங் பாத்திரத்தைச் சூடான தண்ணீரில் வைத்துக்கொண்டால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கூடக் கிடைக்கும்.

எத்தனையாவது ஆண்டோ அத்தனை பீக்கன் (வால்நட் போன்ற அமெரிக்கக் கொட்டை) பருப்புப் பாதிகளை மேலே வைப்பது பார்க்க அழகாக இருக்கும். முந்தைய நாளே 175 டிகிரியில் 8 நிமிடம் வறுத்து வையுங்கள். ஓடு கட்டும் முன் வைத்தால்தான் ஒட்டும், அதாவது பூசி முடித்த இரண்டு நிமிடத்துக்குள்.

11. கை தவறினால்

பாதியில் கெட்டியாகிவிட்டதா? ஒரு மேசைக்கரண்டி சூடான பாலை ஊற்றி, மிகச் சிறு தீயில் கிளறி இளக்குங்கள். தேவைப்பட்டால் இன்னொரு கரண்டி, அதற்கு மேல் வேண்டாம்.

பதினைந்து நிமிடம் அடித்தும் ஓடுகிறதா? பதம் வரவில்லை என்று பொருள். 60 மில்லி பால் சேர்த்து அடுப்பில் ஏற்றி, மறுபடி அதே இலக்கு வரை காய்ச்சி, மறுபடி ஆறவிடுங்கள். ஐசிங் சர்க்கரையைக் கொட்டிக் கெட்டியாக்க நினைக்காதீர்கள். இறுகுவது போலத் தெரியும், ஆனால் மாவு ருசி வரும், ஓடும் கட்டாது.

மணல் மணலாகிவிட்டால் 120 மில்லி பால் ஊற்றிச் சிறு தீயில் ஒவ்வொரு மணியும் கரையும்வரை கிளறிவிட்டு, முதலிலிருந்து காய்ச்சுங்கள். நிறம் சற்றுக் கூடும், கேடில்லை.

வெண்ணெய் பிரிந்து எண்ணெய் மிதந்தால் இரண்டு மேசைக்கரண்டி சூடான பால் சேர்த்து வேகமாக அடித்தால் கூடிவிடும். காய்ச்சும்போதே அடி பிடித்த கருந்துகள் தெரிந்தால் அடியைச் சுரண்டாமல் வேறு பாத்திரத்துக்கு வடிகட்டி மாற்றித் தொடருங்கள்.

12. வெட்டுதலும் வைத்திருப்பதும்

நீளக் கத்தியைக் கொதிநீரில் முக்கித் துடைத்து, அழுத்தாமல் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்து வெட்டுங்கள். அழுத்தினால் மேலோடு நொறுங்கிக் கேக்கும் நசுங்கும். இந்த அளவுக்கு 16 துண்டு தாராளமாக வரும். இனிப்பு மிகுந்த கேக் என்பதால் மெல்லிய துண்டும் சர்க்கரையில்லாத காபியும் பொருத்தம்.

மூடி போட்டு வெளியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், நம் கோடையில் இரண்டு நாள். அதற்கு மேல் வைப்பதானால் காற்றுப் புகாமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, பரிமாறும் ஒரு மணி நேரம் முன் வெளியே எடுங்கள். ஐசிங் பூசாத அடுக்குகளைச் சுற்றி உறைபெட்டியில் ஒரு மாதம் வரை வைக்கலாம். சுற்றிய தாளைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட்டால் கேக்கின் மேல் ஈரம் கோக்காது.